புதிய கூடாரமும் ஓர் இரவு மழையும்



மழையைப் பற்றித் தோட்டத்து மக்களுக்குப் பாடம் சொல்ல எவருக்கும் தகுதியில்லை. விடியற்காலையில் வானத்தைப் பார்த்தே இன்று வெட்டுக்குப் போகலாமா, வேண்டாமா என்று சொல்லிவிடக் கூடியவர்கள் நீங்கள். ஆகவே இன்று நாம் பாடம் சொல்ல வரவில்லை. பாடம் கற்ற கதையைச் சொல்ல வந்திருக்கிறோம்.

எங்கள் தோட்டப் பள்ளியில் 24 மாணவர்களைக் கொண்ட சாரணர் குழு ஒன்று உண்டு. பள்ளியில் இருந்தவை பழைய கித்தான் கூடாரங்கள். காய்ந்திருக்கும்போதே ஒரு கூடாரம் 15 கிலோவுக்கு மேல் இருக்கும். நனைந்துவிட்டால் இரண்டு பையன்கள் சேர்ந்தாலும் தூக்க முடியாது. ஓரங்களில் பூஞ்சணம் பூத்து, தொட்ட இடத்தில் கிழிந்தன. பெற்றோர் ஆசிரியர் சங்கம் கூடி, புதிய கூடாரங்கள் வாங்குவது என்று தீர்மானித்தது. பால் வெட்டுகிறவர்களும் செம்பனைக் குலை தள்ளுகிறவர்களும் மாதச் சம்பளத்தில் ஐந்தும் பத்துமாக ஒதுக்கி 3,000 வெள்ளி சேர்த்துக் கொடுத்தார்கள்.

கடைக்காரர் ஒரு மாதிரிக் கூடாரத்தைக் காட்டினார். எடை 1.9 கிலோ. விலை 280 வெள்ளி. இரண்டு பெரியவர்கள் அல்லது மூன்று சிறுவர்கள் படுக்கலாம். "எந்த மழைக்கும் ஒரு சொட்டு உள்ளே வராது" என்றார். சிறுவர்களுக்கு எட்டு, ஆசிரியர்களுக்கு இரண்டு, ஆகப் பத்து வாங்கிவிடலாம் என்று கூட்டத்தில் சொன்னோம். எல்லாரும் தலையசைத்தார்கள். ஒரு தாய் மட்டும் எழுந்து நின்றார்.

"சார், எம் பிள்ளைக்கு இழுப்பு இருக்கு. நனைஞ்சா ரெண்டு நாளைக்கு மூச்சு வாங்குவான். அந்தக் கூடாரத்துல நீங்க மழையில படுத்துப் பாத்தீங்களா?"

நாம் படுத்துப் பார்க்கவில்லை. கடைக்காரர் சொன்னதைத்தான் திருப்பிச் சொல்லிக் கொண்டிருந்தோம். பிறர் உழைத்துச் சேர்த்த பணத்தைச் செலவிடப் போகிறவன் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அந்தத் தாய் கேட்டார். ஒரே ஒரு கூடாரம் வாங்குவது, நாமே சோதித்துப் பார்ப்பது, அதன் பிறகே மற்றவை என்று அன்று முடிவாயிற்று.

நேயர்களே, கூடாரம் எப்படி வேலை செய்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்வோம். பழைய கூடாரம் தடித்த பருத்தித் துணி. புதியது நைலான். நைலான் இழையை 1935ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு வேதியியலாளர் வாலஸ் கரோதர்ஸ் உருவாக்கினார். அது மெல்லியது, ஆனால் உறுதியானது. நைலான் துணி தானாக மழையைத் தடுக்காது. நூலுக்கும் நூலுக்கும் இடையே துளைகள் உண்டல்லவா? அதனால் துணியின்மேல் பாலியூரித்தேன் அல்லது சிலிக்கோன் என்ற பொருளை மெல்லப் பூசுகிறார்கள். மழையைத் தடுப்பது அந்தப் பூச்சுதான்.

கூடாரப் பெட்டியின்மேல் 1,500 மில்லிமீட்டர் என்று அச்சிட்டிருந்தது. இது என்ன கணக்கு? ஒரு நீண்ட குழாயின் அடியில் அந்தத் துணியைக் கட்டி, மேலிருந்து தண்ணீர் ஊற்றுவதாக எண்ணிக்கொள்ளுங்கள். தண்ணீர் 1,500 மில்லிமீட்டர், அதாவது ஒன்றரை மீட்டர் உயரம் நிற்கும் வரை துணி தாங்கும். அதற்கு மேல் துளிகள் கசியத் தொடங்கும். கூரைக்கு இந்த அளவு பெரும்பாலும் போதும். தரைத்துணிக்கு இன்னும் கூடுதலான அளவு வேண்டும். நாம் முழங்கையையோ முழங்காலையோ ஊன்றும்போது உடலின் பாரம் முழுவதும் ஒரே இடத்தில் அழுத்துகிறது. ஈரத் தரையின்மேல் அப்படி அழுத்தினால் தண்ணீர் கீழிருந்து மேலே ஏறும்.

2023ஆம் ஆண்டு ஒரு பள்ளி விடுமுறையில் கூடாரத்தை முதுகில் கட்டிக்கொண்டு கெடா மாநிலத்து ஜெராய் மலைக்குப் புறப்பட்டோம். இந்தப் பேச்சு முழுவதும் 'நாம்' என்று சொன்னாலும், அன்று மலையேறியது ஓராள்தான். தனியாகப் போனதற்குக் காரணம் உண்டு. மழையில், யாருடைய உதவியும் இல்லாமல், ஒரு மனிதன் இதை நிறுத்த முடியுமா என்று பார்க்க வேண்டும்; அந்தச் சோதனையில் பிறர் பிள்ளை நனையவும் கூடாது. ஆனாலும் முன்னேற்பாடு இல்லாமல் போகவில்லை. வனத்துறையிடம் அனுமதி பெற்றோம். எந்த வழியாக ஏறுகிறோம், எங்கே தங்குகிறோம், மறுநாள் எத்தனை மணிக்குள் திரும்புவோம் என்பதை எழுதி வீட்டில் ஒரு தாளும், சக ஆசிரியர் ஒருவரிடம் ஒரு தாளும் கொடுத்தோம். தங்கிய இடத்திலிருந்து அரைமணி நேரம் நடந்தால் தார்ச்சாலை. இத்தனையும் இருந்ததால்தான் தனியே போனோம். வழி தெரியாத காட்டுக்குத் தனியே போவது வீரம் ஆகாது.

ஜெராய் மலை 1,217 மீட்டர் உயரம். சுற்றிலும் சமவெளியாக இருப்பதால் நெடுந்தூரத்திலிருந்தே தெரியும். பழங்காலத்தில் கடலில் வந்த வணிகர்களுக்கு அதுவே அடையாளம். மலையின் தென்புறம் பூஜாங் பள்ளத்தாக்கு. அங்கே அகழ்ந்தெடுக்கப்பட்ட பழைய கோயில்களின் அடித்தளங்களை மெர்போக்கில் இன்றும் காணலாம். இராசேந்திர சோழனின் கடற்படை 1025ஆம் ஆண்டளவில் வந்து வென்ற கடாரம் இந்தக் கெடாதான். அக்காலக் கப்பலோட்டிகள் கண்ட அதே மலையில் நாமும் கால் வைத்தோம் என்றால் அதில் ஒரு மகிழ்ச்சி இருக்கத்தானே செய்யும்!

காலை ஒன்பது மணிக்கு அடிவாரத்தில் வெப்பமானி 30 டிகிரி காட்டியது. பள்ளி அறிவியல் அறையிலிருந்து எடுத்துப்போன வெப்பமானி அது. ஒவ்வொரு 100 மீட்டர் ஏறும்போதும் வெப்பம் ஏறத்தாழ அரை டிகிரிக்குச் சற்று அதிகமாகக் குறையும் என்று மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். அன்று அதை உடலே உணர்ந்தது. வழியில் அட்டைகள் காலைத் தேடி வந்தன. காற்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு ஏறினோம். ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தை அடைந்தபோது, மேற்கே யான் வட்டாரத்து வயல்கள் பச்சைப் பாய் விரித்தாற்போல் கிடந்தன, அதற்கப்பால் கடல்.

கூடாரம் அடிக்க இடம் தேடும்போதுதான் முதல் முடிவு எடுக்க வேண்டியிருந்தது. ஓர் ஓடையின் அருகில் சமமான மணல்திட்டு இருந்தது. கல் இல்லை, வேர் இல்லை, கை நீட்டினால் தண்ணீர். பையன்களாக இருந்தால் அங்கேதான் ஓடியிருப்பார்கள். நாம் அங்கே நிற்கவில்லை. 2021ஆம் ஆண்டு ஆகஸ்ட் 18ஆம் நாள் இதே ஜெராய் மலைமேல் கனமழை கொட்டியது. ஆறுகள் திடீரெனப் பெருகி, மரங்களையும் பாறைகளையும் சேற்றையும் உருட்டிக்கொண்டு அடிவாரத்தில் பாய்ந்தன. யான், மெர்போக் பகுதிகளில் வீடுகள் பாழாயின, உயிர்கள் பலியாயின. இப்படி மேலிருந்து சுவர்போல் இறங்கும் வெள்ளத்தை மலாய் மொழியில் 'கெப்பாலா ஆயர்' என்பார்கள். நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடித்துக் கொண்டிருக்கும். மலையுச்சியில் மழை பெய்திருக்கும். தெளிந்த நீர் திடீரென்று கலங்கினால், இலையும் சுள்ளியும் மிதந்து வந்தால், மேலே இரைச்சல் கேட்டால், சாமான்களை எடுக்க நிற்கக் கூடாது. உடனே மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். அருவிக்கும் ஆற்றுக்கும் பிள்ளைகளைக் குளிக்க அழைத்துச் செல்லும் பெற்றோர்கள் இதை மறக்கவேண்டாம்.

ஆகவே ஓடையை விட்டு விலகி, மேட்டில் வனத்துறையினர் குறித்துக் கொடுத்த இடத்தைத் தேர்ந்தோம். தலைக்கு மேல் பட்ட மரமோ காய்ந்த கிளையோ இருக்கிறதா என்று பார்த்தோம். காற்றில் விழும் ஒரு கிளை போதும், கூடாரமும் மிஞ்சாது, ஆளும் மிஞ்சமாட்டான்.

கூடாரத்துக்கு இரண்டு அடுக்கு. உள்ளே வலைத்துணியாலான கூடு. அதற்குமேல் மழையைத் தடுக்கும் வெளிவிரிப்பு. கம்பிகளை வளைத்து உட்கூட்டை நிறுத்திவிட்டுப் பிறகுதான் வெளிவிரிப்பைப் போட வேண்டும். பள்ளித் திடலில் வெயிலில் செய்து பார்த்தபோது 14 நிமிடம் பிடித்தது. மலையில் பாதி வேலையின்போது தூறல் தொடங்கியது. வெளிவிரிப்பைப் போடுவதற்குள் உட்கூட்டின் தரை நனைந்துவிட்டது. முதற்குறை இங்கேயே தெரிந்தது. மழையில் நிறுத்துவதானால் முதலில் ஒரு தார்ப்பாயை மரங்களில் இழுத்துக் கட்டி, அதன் நிழலில் வேலை செய்ய வேண்டும்.

இரவு ஒன்பது மணிக்கு மழை பிடித்தது. எப்படிப்பட்ட மழை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மறுநாள் வெட்டு இல்லை என்று உறுதியாகத் தெரியும் மழை. மெல்லிய துணியின்மேல் அது விழும் ஓசையில் நம் இருமலே நமக்குக் கேட்கவில்லை. பத்து மணியளவில் கையை நீட்டித் தரையைத் தடவினோம். தண்ணீர்!

நேயர்களே, கூடாரத்துக்குள் தண்ணீர் மூன்று வழிகளில் வரும். அன்றிரவு மூன்றையும் கண்டோம்.

முதலாவது, மேலிருந்து வரும் தண்ணீர். டார்ச் விளக்கை அடித்துப் பார்த்தபோது பூச்சுப் பூசிய துணி எங்கும் கசியவில்லை. அதில் கடைக்காரர் சொன்னது சரி. ஆனால் இரண்டு துணிகளைச் சேர்த்துத் தைத்த மூலையில் துளித்துளியாக இறங்கியது. ஊசி குத்திய ஒவ்வொரு துளையும் ஒரு வாசல் அல்லவா? மற்றத் தையல்களின்மேல் நாடா ஒட்டியிருந்தார்கள்; அந்த மூலையில் இல்லை. இதோடு முடியவில்லை. பதினொரு மணிக்குக் காற்று வீசியது. காற்று வந்த பக்கத்து முளை, இலைமக்கு நிறைந்த இளகிய மண்ணிலிருந்து பிடுங்கிக் கொண்டது. கடையில் கொடுத்த முளை பென்சிலைவிட மெல்லியது. வெளிவிரிப்பு தளர்ந்து உட்கூட்டின்மேல் ஒட்டிக்கொண்டது. நைலான் நனைந்தால் சற்று நீண்டு தொய்யும் என்பதால் தளர்ச்சி இன்னும் கூடியது. இரண்டு அடுக்கும் ஒட்டிய இடத்தில் நீர் வடிந்தது. மழையில் வெளியே போய், கயிற்றை முளையில் கட்டாமல் ஒரு பெரிய கல்லிலும் ஒரு வேரிலும் கட்டினோம். பிறகு அது அசையவில்லை.

இரண்டாவது, கீழிருந்து வரும் தண்ணீர். இது முழுக்க நம் தவறு. தரைத்துணி கிழியாமல் இருக்கட்டும் என்று அடியில் ஒரு பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டிருந்தோம். அது கூடாரத்தைவிட ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கூரையிலிருந்து வழிந்த மழையை அந்தப் பிளாஸ்டிக் கைநீட்டி வாங்கி, கூடாரத்தின் அடிக்கே கொண்டு வந்து சேர்த்தது. நாம் ஒரு குளத்தின்மேல் படுத்திருந்தோம். முழங்கையை ஊன்றிய இடத்தில் நீர் ஊறியது. விரிப்பின் ஓரங்களை உள்ளே மடித்துத் தள்ளியதும் அது நின்றது.

மூன்றாவது, நம்மிடமிருந்தே வரும் தண்ணீர். மழை தணிந்து நெடுநேரம் ஆன பின்பும் வெளிவிரிப்பின் உட்புறம் முத்து முத்தாகத் துளிகள் நின்றன. துணி ஒழுகுகிறது என்றே பலரும் நினைப்பார்கள். அது ஒழுக்கு அன்று. நாம் விடும் மூச்சிலும் உடல் வியர்வையிலும் நீராவி இருக்கிறது. மூடிய கூடாரத்தில் அது வெளியேற வழியில்லாமல், குளிர்ந்த துணியில் பட்டு நீராகிறது. சோற்றுப் பானையின் மூடியைத் திருப்பிப் பாருங்கள், அதே கதைதான். காற்று வாசலைத் திறந்து வைத்தால் குறையும். குளிருகிறது என்று எல்லாவற்றையும் இறுக மூடினால் அதிகமாகும். நாம் மூடிவிட்டுத்தான் படுத்தோம்.

விடியற்காலை நான்கு மணிக்கு வெப்பமானி 19 டிகிரி காட்டியது. 19 டிகிரி என்ன பெரிய குளிர் என்று கேட்கலாம். உலர்ந்த ஆளுக்கு அது பெரிதில்லை. நனைந்த சட்டையோடு காற்றில் இருப்பவனுக்கு உடல் வெப்பம் விரைவாக இறங்கும். முதலில் நடுக்கம், பிறகு பேச்சுக் குளறல், தடுமாற்றம். நமக்கும் பற்கள் அடித்துக்கொண்டன. நல்லவேளையாக, ஒரு மாற்றுச் சட்டையைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்திருந்தோம். அதை மாற்றிய கால்மணி நேரத்தில் நடுக்கம் நின்றது. அந்த இருட்டில் உட்கார்ந்தபோது நம் நினைவில் நின்றது அந்த இழுப்புக்காரச் சிறுவன்தான். கூட்டத்தில் எல்லாரும் தலையசைத்த அன்றே வாங்கி, அழைத்து வந்திருந்தால், இந்நேரம் அவன் அல்லவா இங்கே நடுங்கிக் கொண்டிருப்பான்?

குளிருக்காக உள்ளே அடுப்புப் பற்றவைக்கலாமா என்ற எண்ணம் வந்ததை மறைக்கவில்லை. ஆனால் செய்யவில்லை, நீங்களும் செய்யாதீர்கள். நைலான் நெருப்பில் உருகிச் சொட்டும், தோலில் ஒட்டிக்கொள்ளும். மூடிய இடத்தில் அடுப்போ கரியோ எரிந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு உண்டாகும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்கியவர் தூக்கத்திலேயே போய்விடுவார். கொசுவர்த்திச் சுருளைக்கூடக் கூடாரத்துக்குள் கொளுத்தக் கூடாது.

மறுநாள் இறங்கி வந்து, ஈரக் கூடாரத்தைத் தோட்டத்துக் கடைத் தராசில் நிறுத்தோம். 1.9 கிலோ, 2.6 கிலோ ஆகியிருந்தது. அப்போதும் ஒரு சிறுவன் சுமக்கக் கூடிய பாரம்தான். அன்றே விரித்து நிழலில் உலர்த்தினோம். ஈரத்தோடு சுருட்டி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். பூச்சு பிசுபிசுத்து உரிந்துவிடும். கடும் வெயிலில் நாட்கணக்கில் விட்டாலும் நைலான் நைந்துபோகும்.

அடுத்த கூட்டத்தில் நடந்ததையெல்லாம் சொன்னோம். நம் தவறுகளையும் மறைக்கவில்லை. கீழே விரித்த பிளாஸ்டிக்கைப் பற்றிச் சொன்னபோது, முப்பது ஆண்டுகள் பால் வெட்டிய ஓர் அம்மா சிரித்துவிட்டார்.

"இதுக்கு மலைக்கா போகணும் வாத்தியாரே? மரத்துல மங்குக்கு மேல கட்டுற மழைத்தடுப்பும் இப்படித்தான். பட்டையோட ஒட்டாம ஒரு நூலு இடம் விட்டாலும், மரத்துல வழியுற தண்ணி பூரா மங்குலதான் எறங்கும். தண்ணி எங்கிட்டுப் போகும்னு பாத்துத்தானே கட்டணும்?"

கூட்டமே சிரித்தது, நாமும் சிரித்தோம். அவர் சொன்ன கடைசி வாக்கியத்தைப் பயிற்சிக் கல்லூரியில் எந்தப் புத்தகமும் நமக்கு இவ்வளவு தெளிவாகச் சொல்லித் தரவில்லை. நம் பிள்ளைகளுக்குத் தேவையான அறிவியலில் பாதி, பால் மரத்தடியிலேயே இருக்கிறது. அதை அறிவியல் என்று பெயர் சொல்லி அழைக்காததுதான் நம் குறை.

பிறகு முடிவு எடுத்தோம். கூடாரம் நல்லதுதான், ஆனால் அப்படியே நம்பத்தக்கது அன்று. பத்துக்குப் பதிலாக எட்டு போதும், 24 சிறுவர்களும் மூவர் மூவராகப் படுப்பார்கள். ஆசிரியர்கள் பழைய கித்தானில் படுத்துக்கொள்வோம் என்றோம். எட்டுக்கு 2,240 வெள்ளி. மிச்சம் 760 வெள்ளியில் தார்ப்பாய், நல்ல கயிறு, தடித்த இரும்பு முளைகள், தையலில் பூசும் பசை ஆகியவற்றை வாங்கினோம். பசையிலும் கவனம் வேண்டும். பாலியூரித்தேன் பூசிய துணிக்கு அதற்குரிய பசை, சிலிக்கோன் பூசியதற்குச் சிலிக்கோன் பசை. மாற்றிப் பூசினால் ஒட்டாது. ஒரு சனிக்கிழமை தாய்மார்கள் பள்ளி மண்டபத்தில் உட்கார்ந்து, எட்டுக் கூடாரங்களின் தையல்களிலும் தூரிகையால் பசை பூசினார்கள். கோலம் போட்டுப் பழகிய கைகள். ஒரு தையல்கூட விடுபடவில்லை.

முதல் முகாமை மலையில் வைக்கவில்லை. பள்ளித் திடலிலேயே ஓரிரவு வைத்தோம். ஒழுகினால் ஓடிப்போக வகுப்பறை இருக்கிறதல்லவா? அன்று நள்ளிரவில் மழை வந்தது. பையன்கள் காற்று வாசலைத் திறந்தே வைத்திருந்தார்கள்; விரிப்பின் ஓரங்களை அவர்களே மடித்திருந்தார்கள். விடியற்காலை ஐந்து மணிக்கு, பிரட்டுக்குப் போகும் வழியில், தலையில் துணி கட்டிக்கொண்டு அந்தத் தாய் திடலுக்கு வந்தார். யாரையும் எழுப்பவில்லை. மகன் படுத்திருந்த கூடாரத்துக்குள் கையை விட்டு, போர்வையைத் தடவிப் பார்த்தார். பிறகு நம்மைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு வேலைக்குப் போனார்.

நேயர்களே, பணம் கொடுத்து வாங்கும் எந்தப் பொருளுக்கும் இது பொருந்தும். கடைக்காரர் சொன்னார், அட்டையில் அச்சிட்டிருக்கிறது என்பது போதாது. கூச்சப்படாமல் கேளுங்கள். வாத்தியாராக இருந்தாலும் கேளுங்கள். அன்று ஒரு தாய் கேட்டார். 24 பிள்ளைகள் நனையாமல் தூங்கினார்கள்.